ஒட்டுவில்லை

காலை ஆறே காலுக்குக் கதவைத் தட்டினோம்.
ஆறுக்கே தட்டியிருக்கலாம்.
அந்தப் பதினைந்து நிமிடம்
கோட்ர்பா தன் கைக்காசிலிருந்து போட்ட தர்மம்.

லித்வீனோவ், யானோவ் குடியிருப்பு, ஏழாவது மாடி.
லிஃப்ட் இருந்த இடத்தில் பலகை அறைந்திருந்தது.
செம்புக்காக யாரோ படிக்கட்டு விளக்குகளின்
கம்பியை உருவிப் போயிருந்தார்கள்.
கைபேசி வெளிச்சத்தில் ஏறினோம், திருடர்களைப் போல.

கதவைத் திறந்தவள் வெந்துலா.
முப்பதுக்கு ஒன்று குறைவு.
உத்தரவை வாங்கிப் படிக்கவில்லை, அழவில்லை.
"செருப்பைக் கழற்றிட்டு வாங்க" என்றாள்.
கழற்றினோம்.
என் இடது காலுறையில் ஓட்டை.
நாடு முழுவதற்கும் தெரியும்படி
கட்டைவிரல் வெளியே நின்றது.

கோப்பில் இருந்த கதை சின்னது.
பதினோரு வயதில் மோஸ்ட்டிலிருந்து டிராமில் வந்தாள்.
சீட்டு எடுக்கவில்லை. எட்டு கொருனா.
அபராதக் கடிதம் போன முகவரியில்
அப்போது அம்மா இல்லை,
அவளும் இல்லை, அவளைக் காப்பகத்தில் விட்டிருந்தார்கள்.
அபராதத்தை ஒரு கம்பெனி விலைக்கு வாங்கியது,
அதனிடமிருந்து இன்னொன்று.
வக்கீல் கட்டணம். வட்டி.
வட்டியை நினைவூட்டியதற்குக் கட்டணம்.
எங்கள் கட்டணம்.
எட்டு கொருனா குட்டி போட்டு, குட்டி குட்டி போட்டு
நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம்.

சம்பளம் என்று ஒன்று வந்தால் பிடித்துக்கொள்வார்கள்.
அதனால் சம்பளமே இல்லாத வேலைக்குப் போகிறாள்:
எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மன் விடுதியொன்றில்
அடுத்தவர் தூங்கிய படுக்கைகளை உதறி விரிக்கிறாள்.
வெள்ளிக்கிழமை உறையில் பணம்.
நான் உறையைத் தேடவில்லை.
சர்க்கரை டப்பா பக்கம் பார்க்காமலிருக்க
அவள் பட்ட பாட்டிலேயே
அது எங்கே என்று தெரிந்துவிட்டது.

ஒட்ட ஆரம்பித்தோம்.
தொலைக்காட்சி, பன்னிரண்டு. நாற்காலி, பதின்மூன்று.
மீன்தொட்டியருகே கோட்ர்பா நின்றுவிட்டார்.
தொட்டியை எடுக்கலாம்,
வளர்ப்பு மீனை எடுக்கக் கூடாது.
மீன் எங்கே போகும் என்று சட்டம் சொல்லவில்லை.
பதினான்காம் எண்ணைக் கண்ணாடியில் ஒட்டினேன்.
மீன் வந்து மோந்து பார்த்தது,
படித்து முடித்ததுபோல் திரும்பிப் போனது.

கோட்ர்பா வாய் ஓயாதவர்.
நிலக்கரிக்காகப் பழைய மோஸ்ட்டையே இடித்தது,
தேவாலயத்தை மட்டும் தண்டவாளத்தில் ஏற்றி
எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர் நகர்த்தியது,
அந்தத் தண்டவாளத்தில் தன் அப்பா வேலை பார்த்தது,
எல்லாம் சொன்னார்.
"ஒரு மாசம்! ஒரு கல்லு உதிரலை!"
வெந்துலா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்:
"அதுக்கு யார் சீட்டு எடுத்தாங்க?"

யாரும் எதுவும் சொல்லவில்லை.
கண்ணாடி அலமாரி, பதினைந்து.
நிலைக்கண்ணாடி, பதினாறு.

அப்போதுதான் அந்தக் குழந்தை எழுந்து வந்தது.
யோலான்கா. முன்பல் இரண்டு விழுந்த வாய்.
என் கையிலிருந்த சுருளையே பார்த்தது.
"எனக்கு ஒண்ணு?"

கொடுத்தேன்.
ஏன் கொடுத்தாய் என்று கேட்காதீர்கள்,
அன்றிரவு மனைவியும் கேட்டாள்.

நெற்றியில் ஒட்டிக்கொண்டது.
இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தது,
ஓரம் மடங்காமல், என்னைவிட நேர்த்தியாக.
நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றது.
அங்கே பதினாறு. இங்கே பதினேழு.
வெந்துலாவின் கை பாதிவழியில் நின்றது.

"நம்பர் போட்ட வில்லை அது" என்றார் கோட்ர்பா.
குரலில் அதிகாரம் இருந்தது.
ஆனால் குனிந்து அதைக் கழற்ற
அவராலும் முடியவில்லை.

இருட்டில் இறங்கினோம்.
நாலாவது மாடியில்தான் கவனித்தேன்,
செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தேன்.

பதிவேட்டில் பதினேழுக்கு எதிரே
'ஒட்டும்போது கெட்டுவிட்டது' என்று எழுதினேன்.
கோட்ர்பா படித்தார். கையெழுத்துப் போட்டார்.
காரில் வரச் சொன்னார்,
வேண்டாமென்று டிராமில் ஏறினேன்.

மோஸ்ட் வருவதற்குள்
சட்டைப்பையிலிருந்த மாதச்சீட்டை
மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.